பேய்களுக்கு ஒரு வருகைப் பதிவேடு

1999ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் 2 மணி 12 நிமிடம். வானம் முழுக்க மேகம். ஒரு சொட்டு மழை இல்லை. மேற்கேயிருந்து அடித்த காற்று கரூர் ரோட்டுப் புழுதியை அள்ளி, திண்டுக்கல்லில் யார் யார் கண்ணில் போட வேண்டுமோ அவரவர் கண்ணில் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான், என் ஐம்பத்தொன்பதாவது வயதில், ஒரு தையற்கடைக்குள் நின்றுகொண்டு, ஒரு பெட்டியின் வாயில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டேன். பதினோராவது விநாடியில் ஓர் எலும்புக்கூடு என்னைக் கொன்றது.

ஒரு ரூபாய்க்கு மூன்று உயிர். இரண்டாவது உயிர் ஒன்பது விநாடி இருந்தது. மூன்றாவது, அனுபவம் கூடியதால், பதினான்கு விநாடி. மொத்தம் முப்பத்து நான்கு விநாடி. பிறகு நான் கொடுத்த மனு இந்த முப்பத்து நான்கு விநாடிக் கோபத்தில் கொடுத்தது என்று எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. மனு கொடுக்கும் எண்ணம் அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே எனக்கு வந்துவிட்டது.

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். ஆள் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் நுழைந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதுவது வேலை. பத்து நிமிடம் வரை சலுகை. பதினோராவது நிமிடம் லேட். மாதத்தில் மூன்று லேட் என்றால் அரை நாள் சம்பளம் போகும். இந்த விதியை நான் உண்டாக்கவில்லை. ஆனால் உண்டாக்கியவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை, என் முகத்தைத் தினமும் மூன்று ஷிப்ட்டும் பார்த்தது. ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். முப்பத்தொரு வருடம் கடிகாரத்தைப் பார்த்தே காலம் கழித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கொடுக்க முடியும்? அது வாரத்துக்கு நான்கு நிமிடம் பின்னால் போகிறது. வேண்டுமென்றே தேடி வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து பஸ்களை எண்ணினேன். மதிய ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றும் மில் பஸ் எங்கள் தெருமுனைக்கு 2 மணி 40க்கு வரும். ஆட்கள் இரண்டு மணியிலிருந்தே வந்து நிற்பார்கள். முன்பெல்லாம் டீக்கடையில் நின்றார்கள். அந்த வருடம் ஜூன் கடைசியில் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த தையற்கடைக்குள் போய்விட்டார்கள். உள்ளேயிருந்து கூச்சல், மணி ஓசை, இடி முழக்கம், ஏதோ ஒரு மிருகம் சாகும் சத்தம். பஸ் வந்து ஹாரன் அடிக்கும். பெரும்பாலோர் ஓடி வருவார்கள். ஒன்றிரண்டு பேர், "இந்தா இந்தா, ஒரே உசுருதான் பாக்கி" என்பார்கள். பஸ் போய்விடும். பன்னிரண்டு நாளில் ஒன்பது பேர் பஸ்ஸை விட்டார்கள். நான் எழுதி வைத்தேன். யாரும் கேட்கவில்லை, அதனால்தான் எழுதி வைத்தேன்.

கடை வைத்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வத்தலக்குண்டுப் பெண். கணவன் லாரி ஓட்டுபவன். பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, தூங்கிவிட்டுப் போவான். ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து வரும்போது, பீரோ உயரத்தில், முகத்தில் டி.வி.யும் இடுப்பில் ஒரு குச்சியும் இரண்டு பொத்தான்களும் வைத்த இந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியை லாரியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். வீட்டை நடத்தியது அவளுடைய தையல் மிஷின். கடைக்கு வாடகை கொடுத்தது பேய்கள்.

ஜூலை 14 அன்று நான் ரோட்டைக் கடந்து போனேன். அவள் மிஷினை மிதித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, இந்தப் பெட்டியால ஆளுக பஸ்ஸ விடுறாங்க. தெரியுமா?"

"பஸ்ஸ விடுறது அவுக சார். பெட்டி என்ன செய்யும், அது பாட்டுக்கு நிக்குது."

"இது ஏமாத்து வேல. காசு போட்டவன் ஒருத்தனாச்சும் ஜெயிச்சு நான் பாக்கல."

"நீங்க ஜன்னல்ல இருந்துதான பாக்குறீக? ஒரு தடவ ஆடிப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க. வாயில வைக்காமயே வெஞ்சனத்துல உப்பு இல்லேன்னா எப்புடி?"

உள்ளே நின்ற ஏழு பேரும் சிரித்தார்கள். ஏழு பேரில் ஐந்து பேருடைய சம்பளத்தை நான் வெட்டியிருக்கிறேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் ரூபாயைப் போட்டேன்.

ஆட்டம் இதுதான். தலையில் இரும்புத் தொப்பி போட்ட ஒருவன் கையில் ஈட்டியோடு சுடுகாட்டில் நிற்கிறான். ஏன் நிற்கிறான் என்றால், பேயரசன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சுடுகாடு, காடு, பனிமலை, சுரங்கம், கோபுரம், அரண்மனை என்று ஆறு கட்டம் தாண்டினால் அவளை மீட்கலாம். போலீசில் சொல்லலாம் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை. குச்சியைத் தள்ளினால் ஓடுவான், ஒரு பொத்தானுக்குக் குதிப்பான், இன்னொன்றுக்கு ஈட்டி எறிவான். முதல் அடியில் தொப்பி போகும். இரண்டாவது அடியில் அவன் ஒரு கைப்பிடி எலும்பாகிவிடுவான். அந்தரத்தில் மிதக்கும் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவ வேண்டும். கல் தானாக நகரும். நகர்ந்த கல்லுக்கு நாம்தான் பொறுப்பு. மேலே ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தி எரியும். பக்கத்தில் 120 என்று எண். அது பூச்சியம் ஆனால் அடி படாமலே சாவு.

மறுநாள் நான் கைக்கடிகாரத்தோடு போய், மற்றவர்கள் ஆடும்போது அந்த மெழுகுவர்த்தியை அளந்தேன். பெட்டியின் 120 விநாடி, உலகத்தின் 92 விநாடி. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 92. எங்கள் டைம் ஆபீஸ் கடிகாரம் இப்படி ஓடியிருந்தால் யூனியன்காரர்கள் கேட்டை மூடி, என்னைக் கடிகாரத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இங்கே அதே ஆட்கள் காசு கொடுத்து ஏமாந்துவிட்டு, "சூப்பர்டா" என்கிறார்கள்.

ஜூலை 26, திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் மனு நீதி நாளில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தேன். நான்கு குற்றச்சாட்டு: கடிகாரத்தில் மோசடி, ஆட்கள் பஸ்ஸை விடுகிறார்கள், காதைக் கிழிக்கும் சத்தம், நான்காவதும் முக்கியமானதும், இந்த ஆட்டத்துக்கு முடிவே கிடையாது, இருப்பதாகச் சொல்லிக் காசு பிடுங்குகிறார்கள். முடிவு கிடையாது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், மில் ஆட்கள் யாரும் நான்காவது கட்டத்தைத் தாண்டியதில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை ஓர் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர், களைப்பான மனிதர். மனுவை இரண்டு முறை படித்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அய்யா, இதுக்கு முடிவு இருந்தா வெளையாட்டு. முடிவே இல்லாம காசு மட்டும் கேட்டா அது சூதாட்டம், சீல் வச்சுறலாம். ஆனா நான் டூட்டில இருக்கேன், ஆடிப் பாக்க முடியாது. மனுதாரர் நீங்கதான? கடைசி வரைக்கும் ஆடிப் பாத்துட்டு, இருக்கா இல்லையான்னு எழுத்துபூர்வமா குடுங்க. செப்டம்பர் முப்பது வாரேன்."

அந்தப் பெண் கேட்டாள்: "பெட்டிக்கா சார் சீலு, கடைக்கா?"

"பெட்டி கடைக்குள்ளதானம்மா இருக்கு."

அதாவது தையல் மிஷினும், வெட்டி வைத்த துணிகளும், சுவரில் தொங்கிய பள்ளிக்கூடப் பாவாடைகளும் பேய்களோடு உள்ளே போகும்.

புத்தியுள்ள எவனும் அந்த அதிகாரி சொன்னதை, "வீட்டுக்குப் போங்க தாத்தா" என்று புரிந்துகொண்டிருப்பான். நான் அதை உத்தரவு என்று புரிந்துகொண்டேன். முப்பத்தொரு வருடம் உத்தரவுகளோடு வாழ்ந்தவனுக்கு வேறு மாதிரி புரியாது. மோட்டார் சைக்கிள் திரும்பியதும் அவள் என்னிடம் வந்தாள்.

"முடிவு இருந்துச்சுன்னா கட தப்பிச்சுருமா சார்?"

"இருந்தா தப்பிக்கும். இல்லேன்னுதான் நான் மனு குடுத்துருக்கேன்."

"அப்ப நாளைக்கே வந்துருங்க. பத்தரைக்கு மேல கட காலியாத்தான் இருக்கும்."

"அரசாங்க வேலையாத்தான் வாரேன். காசு..."

"காசு போட்டுத்தான் சார் ஆடணும். மனு குடுத்தவருக்கு ஓசியில விட்டா லஞ்சமாயிரும்ல?"

இப்படியாக ஆகஸ்ட் 13 முதல், ஞாயிறு தவிர்த்து, தினமும் காலை பத்தரை மணிக்கு நான் பேய்களிடம் சாகப் போனேன். வீட்டில் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். என் மனைவி ஒட்டன்சத்திரம் பக்கம். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடிவிடும். நான்காம் நாள் அரிசி களைந்தபடி ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "ஏனுங்க, லைப்ரரிய எதுத்த கடைக்கு மாத்திப்போட்டாங்களாங்க? நல்லதாப் போச்சுங்க. ரோட்டத் தாண்டறப்ப மட்டும் பாத்துப் போங்க."

முதல் வாரத்தில் ஐம்பத்து மூன்று ரூபாய் போட்டுச் சுடுகாட்டைத் தாண்டவில்லை. கட்டைவிரல் வீங்கியது. நான் பொத்தானை அழுத்தியதும் அவன் குதிப்பான், ஆனால் நான் நினைத்த இடத்துக்குக் குதிக்க மாட்டான். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஹூக் வைத்துத் தைத்துக்கொண்டே சொல்லுவாள்: "குனிங்க சார், கழுகு வருது." வரும். "செத்த நேரம் நில்லுங்க, அடியில இருந்து ஒருத்தன் எந்திரிப்பான்." எழுந்திருப்பான். நாள் முழுக்க அந்தச் சத்தத்திலேயே தைத்துத் தைத்து, திரையைப் பார்க்காமலே முதல் மூன்று கட்டமும் அவளுக்கு மனப்பாடம். நான் தோற்க வேண்டும் என்று அவள் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கடை தப்ப வேண்டுமானால் நான் கடைசி வரை போயாக வேண்டும். கடையை மூட வேண்டுமானாலும் நான் கடைசி வரை போயாக வேண்டும். இரண்டு கட்சிக்கும் ஒரே வேட்பாளர். அந்த வேட்பாளருக்குக் குதிக்கத் தெரியவில்லை.

அவள் சொல்வதைக் கேட்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கழுகு நேற்று வந்த அதே நேரத்தில்தான் இன்றும் வந்தது. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, ஆட்கள் ஆடும் நேரம், ஒரு நீள நோட்டும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நின்றேன். அவர்கள் காசு, என் கடிகாரம். கோடு போட்டேன். முதல் பத்தியில் பேயின் பெயர், இரண்டாவதில் வரும் இடம், மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு நாளும் வந்த விநாடி. சுடுகாடு: எலும்புக்கூடு, இடது குழி, 6. வௌவால் மூன்று, மரத்திலிருந்து, 14, 17, 20. தலையில்லாதவன், கல்லறைக்குப் பின்னால், 26. காடு, பனிமலை எல்லாம் இப்படியே.

பத்து நாள் முடிந்து பதிவேட்டைப் பார்த்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. அத்தனை பேரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு ஷிப்ட்டை நான் பார்த்ததில்லை. ஒருவரும் லீவு எடுக்கவில்லை. யாருக்கும் வயிற்றுவலி இல்லை. ஒருவருக்கும் பாட்டி சாகவில்லை. எங்கள் மில்லில் ஒரே ஆளுக்கு நான்கு பாட்டி செத்ததற்கு என்னிடம் விடுப்புக் கடிதங்கள் இருந்தன. இங்கே செத்தவர்களே வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள், அதுவும் விநாடி சுத்தமாக. காட்டில் வரும், ஈயின் தலையுள்ள பேய் ஒன்று மட்டும் சில நாள் 31க்கும் சில நாள் 33க்கும் வந்தது. அதற்கு நேரே சிவப்பு மையில் லேட் போட்டேன். சம்பளம் வெட்டும் அதிகாரம் இல்லாதது வருத்தம்தான்.

அதற்குப் பிறகு நான் பேய்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மனதுக்குள் எண்ணுவேன். ஐந்து, ஆறு, எறி. பதின்மூன்று, பதினான்கு, எறி. மூன்றாவது வாரக் கடைசியில் பனிமலை தாண்டினேன். சுரங்கத்தில் போய் மாட்டிக்கொண்டேன். காலை போதாமல், மதியம் ஆட்கள் வரும் நேரத்திலும் ஆடத் தொடங்கினேன். அங்கே கற்கள் நகரும், கூடவே அம்பும் வரும். எண்ணிக்கை சரியாக இருந்தும் என் கை முந்தியது.

மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த நெட்டையான ஆள் ஒருவர் இருந்தார். நான்கு முறை அரை நாள் சம்பளம் வெட்டியிருக்கிறேன். அவர்தான் சுரங்கத்தில் அதிக தூரம் போனவர். ஒரு வாரம் என் பின்னால் நின்று நான் சாவதைத் தேவாமிர்தமாக ரசித்துவிட்டு, எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்:

"சார், ஏன் ஓடுறீக? நீங்க கேட்டுல எப்புடி நிப்பீக? அசையாம, உம்முன்னு, வாரவன் வரட்டும்னு நிப்பீகள்ல? அப்புடி நில்லுங்க. கல்லு தானா உங்ககிட்ட வரும். வந்தப்புறம் ஏறுங்க."

"கேட்டுல நின்னப்ப யாரும் எம்மேல அம்பு விடல."

"மனசுக்குள்ள அம்புட்டுப் பேரும் விட்டோம் சார். உங்களுக்குத்தான் படல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேட்டில் நிற்பதுபோல நின்றேன். கல் வந்தது. ஏறினேன். அன்றைக்கே சுரங்கம் தாண்டிவிட்டேன். "பாத்தீகளா, ஒரு சிரிப்புக்கூட இல்ல. அதே மூஞ்சி!" என்று அவர் மற்றவர்களுக்குக் காட்டினார்.

இதில் ஒரு விஷயத்தை நான் மறைக்கக் கூடாது. நான் மனு கொடுத்த பிறகு பஸ்ஸை விடுபவர்கள் எண்ணிக்கை கூடியது. செப்டம்பரில் மட்டும் நாற்பது பேர். டைம் ஆபீஸ் சாவதைப் பார்க்கவே சீக்கிரம் வந்து, பார்த்துக்கொண்டே லேட் ஆனார்கள். நாற்பது பேருடைய வருகையையும் யாரோ ஒரு புதிய கிளார்க் சிவப்பு மையில் எழுதியிருப்பான், காரணம் நான் என்று தெரியாமல்.

மாதக் கடைசி நெருங்க நெருங்க அந்தப் பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தீபாவளிக்குத் துணி கொடுக்க வந்தவர்களிடம், "முப்பதாந் தேதிக்கு மேல குடுங்கக்கா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சீல் வைத்த கடைக்குள் அடுத்தவர் துணி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். கோபுரத்தில் ஐந்தாவது மாடியில் நான் செத்துக்கொண்டிருந்தேன். அரண்மனையை இரண்டு முறை எட்டி, இரண்டு முறையும் வாசற்காவல் பூதத்திடம் அடிவாங்கித் திரும்பினேன்.

செப்டம்பர் 29, புதன்கிழமை. காலையில் போட்ட ஒன்பது ரூபாயும் போயிற்று. மதியம் இரண்டு மணிக்கு மறுபடி போனேன். கடைக்குள் பதினோரு பேர். நெட்டை ஆள் என் தோளுக்குப் பின்னால். 2 மணி 31க்குப் பூதம் விழுந்தது. உள்ளே சிங்காசனத்தில் பேயரசன். அவனுக்குப் பதிவேடு இல்லை. அவனை யாரும் அதுவரை பார்த்ததில்லை. அவன் நெருப்பை மூன்று முறை துப்பிவிட்டு, மூச்சு வாங்குவான். மூன்று என்று எண்ணிக்கொண்டு, நான்காவதற்கு முன் எறிந்தேன். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை. என் தொப்பி போயிற்று. ஓட்டுநர் இறங்கி வந்து, "ஏப்பா, வாரீகளா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அவரும் நின்றுவிட்டார். பதினெட்டாவது ஈட்டியில் அரசன் புகையானான்.

கூச்சல் கூரையைத் தூக்கியது. திரை கறுத்தது. நடுவில் இளவரசி நின்றாள்; அவள் தலைக்கு மேலே வெள்ளை எழுத்தில் நான்கு வரி இங்கிலீஷ் வந்தது. தையல் மிஷின் நின்றது. ஏழு வாரத்தில் நான் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தபோது அந்த மிஷின் இப்படி நின்று பார்த்ததில்லை.

"என்ன சார் போட்ருக்கு?" என்றார் நெட்டை ஆள். அங்கே இங்கிலீஷைக் கூட்டிப் படிக்காமல் பார்த்ததும் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.

போட்டிருந்தது இதுதான்: நீ கொன்றது அரசனின் நிழலை. அரசன் இன்னும் இருக்கிறான். இவளும் நிழல்தான். முதலிலிருந்து தொடங்கு.

ஆக, என் மனு சரி. நான்காவது குற்றச்சாட்டு வார்த்தைக்கு வார்த்தை சரி. நானூற்றுச் சொச்சம் ரூபாய் போட்டு, விரல் வீங்கி, நான் தேடிய சாட்சியம் அதுவாகவே வந்து, எழுத்தில், வெள்ளையாக நின்றது. எட்டு விநாடி நின்றது, எண்ணினேன். வாயைத் திறந்து படிக்கத்தான் போனேன். அவள் மிஷினுக்குப் பின்னால் எழுந்து நின்றிருந்தாள். கையில் ஒரு பள்ளிக்கூடப் பாவாடை, பாதி மடித்துத் தைத்தபடி, ஊசி அதிலேயே குத்தியிருந்தது.

"முடிஞ்சுருச்சா சார்?" என்றாள்.

"முடிஞ்சதும்மா" என்றேன். "மகராசனா இருன்னு போட்ருக்கான்."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றி எழுதாதவன். சொந்தத் தம்பிக்கே லேட் போட்டவன். அவன் இன்னும் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

அதற்குள் எழுத்து மறைந்து, இரும்புத் தொப்பிக்காரன் மறுபடி சுடுகாட்டில் வந்து நின்றான். நெட்டை ஆள் விடவில்லை. "முடிஞ்சுதுன்னா எதுக்கு சார் மறுபடி சுடுகாடு?"

"ஜெயிச்சவனுக்கு ஒரு ஆட்டம் இனாம். அதான் வழக்கம்."

"அம்புட்டு நல்லவனா இவன்!" என்று அவர் வியந்தார். ஓட்டுநர் எல்லோரையும் விரட்டிக்கொண்டு போனார். பஸ் ஒன்பது நிமிடம் தாமதம், சலுகைக்குள்தான். அந்தப் பெண் உட்கார்ந்து மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். சாயங்காலம் தீபாவளித் துணி இரண்டு பை வாங்கி வைத்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அன்றிரவு அறிக்கை எழுதினேன். 'ஆட்டத்தில் ஆறு கட்டங்கள் உள்ளன. ஆறாவது கட்டத்தின் இறுதியில் அரசன் வீழ்கிறான். அதன் பின் திரையில் வாசகம் தோன்றுகிறது. ஆகவே மனுவை வாபஸ் பெறுகிறேன்.' முதல் மூன்று வாக்கியமும் எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். பொய்யை நான்காவதில் வைத்தேன். செப்டம்பர் 30 அதிகாரி வரவில்லை. அக்டோபர் 4, திங்கட்கிழமை நானே தேடிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடைங்க அய்யா?" என்று கேட்டார். நான் ஏழு வாரம் எதற்காகச் செத்துக்கொண்டிருந்தேனோ அதைச் சொன்னேன். "ஓ, அதுவா" என்று கையெழுத்துப் போட்டார்.

யாராயிருந்தாலும் இங்கே நிறுத்தியிருப்பார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. என் கையெழுத்தோடு ஒரு தவறான பதிவு ஒரு கோப்பில் கிடக்கிறது. அதைத் திருத்தினால் கடைக்குச் சீல். திருத்தாவிட்டால் நான் பொய்யன். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. வேலை செய்யாத நாளுக்கு வருகை போட்டுவிட்டால், பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்து அந்த நாளை நேர் செய்துவிடலாம். அதையே செய்ய முடிவு செய்தேன். இரண்டாவது சுற்றுக்கு உண்மையான முடிவு ஒன்று இருந்து, அதை நான் எட்டிவிட்டால், என் அறிக்கை பழைய தேதியிலிருந்தே உண்மையாகிவிடும். இல்லாவிட்டால் நான் சாகும் வரை சாக வேண்டியதுதான்.

இரண்டாவது சுற்றில் அதே சுடுகாடு, அதே காடு. ஆனால் பேய்கள் இரட்டிப்பு, ஷிப்ட் நேரமும் மாறியிருந்தது. எலும்புக்கூடு 6க்குப் பதில் 4க்கு வந்தது. என் பதிவேடு பழைய பேப்பர்காரனுக்குக்கூடப் பயன்படாது. புது நோட்டு வாங்கினேன். இந்தச் சுற்றை எட்டுபவன் நான் ஒருவன்தான் என்பதால், மற்றவர் காசில் அளக்க வழி இல்லை. என் காசு, என் கடிகாரம், என் சாவு. தினமும் நான்கு, ஐந்து ரூபாய். முதல் சுற்றை முடித்துவிட்டுத்தான் இரண்டாவதற்குள் நுழைய முடியும் என்பதால், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் உழைத்துவிட்டு, புதுச் சுடுகாட்டில் நான்கு விநாடியில் செத்தேன். என் மனைவி மட்டும், "ஏனுங்க, ஜெயிச்சுட்டீங்கன்னு ஊரே சொல்லுதுங்க. ஜெயிச்சவங்க எதுக்குங்க தெனமும் போறீங்க?" என்றாள். லைப்ரரிக்கு என்றேன்.

இதற்கிடையே 2000 வந்தது. உலகத்துக் கம்ப்யூட்டர்களில் எல்லாம் தேதி குழம்பும் என்றார்கள். எங்கள் பெட்டியில் மெழுகுவர்த்தி பழையபடி 92 விநாடிதான் எரிந்தது. வீட்டு டி.வி.யில் மாட்டி ஆடும் சின்னப் பெட்டிகள் வத்தலக்குண்டு சந்தை வரைக்கும் வந்துவிட்டன. மில் ஆட்கள் மறுபடி டீக்கடைக்குப் போய்விட்டார்கள். பஸ்ஸை விடுபவர் யாரும் இல்லை. பெட்டிக்குக் காசு போடுவது அநேகமாக நான் ஒருவன்தான் என்று ஆனது. லாரிக்காரர் அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மாசம் நூறு ரூவா வருதுல்ல, கெடக்கட்டும்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

2001 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி 47. சிங்காசனத்தில் இருந்த இரண்டாவது அரசன் ஐந்து முறை நெருப்புத் துப்பிவிட்டு மூச்சு வாங்கினான். எண்ணி எறிந்தேன். இந்த முறை புகை வரவில்லை. அவன் துண்டு துண்டாக உடைந்து விழுந்தான், கிரீடம் உருண்டு ஓரத்துக்குப் போயிற்று. விடிந்தது. இளவரசி வந்து தொப்பிக்காரனுக்கு ஒரு கும்பிடு போட்டாள். அவ்வளவு தூரம் வந்தவனுக்கு அது ஒன்றுதான். பிறகு வேற்று நாட்டுப் பெயர்கள் கீழேயிருந்து மேலே போயின. முப்பத்தாறு பெயர். கடைசியில் முற்றும் என்று இங்கிலீஷில் வந்து, அப்படியே நின்றது. சுடுகாடு வரவில்லை. ஐந்நூற்றுப் பத்து நாளுக்கு முன்னால் நான் எழுதிய நான்காவது வாக்கியம் அந்த நிமிடத்தில் உண்மையானது.

கடையில் அவளும் நானும்தான்.

"முடிஞ்சுதும்மா" என்றேன்.

"அதத்தான் அன்னைக்கே சொன்னீகளே."

"அன்னைக்கு முடியல. மறுபடி மொதல்ல இருந்து வான்னு போட்ருந்தான்."

மிதிப்பதை நிறுத்தினாள். கணக்குப் போடுவதுபோல என்னைப் பார்த்தாள்.

"அப்ப சீலு வச்சுருப்பாக."

"வச்சுருப்பாங்க."

"அதுக்கா இம்புட்டு நாளும் வந்தீக?"

"எழுதுனது தப்பா கெடக்கக் கூடாதுல்ல."

பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா பாதிக் காசுக்கு விட்ருப்பேனே சார்" என்றாள்.

"விட்ருக்க மாட்ட."

"மாட்டேந்தான்" என்று சிரித்தாள். "கடைக்கு வாடக யாரு குடுக்குறது?"

வீட்டுக்கு வந்தேன். மனைவி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். என் கையில் நோட்டு இல்லாததைக் கவனித்து, "லைப்ரரிய மூடிட்டாங்களாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "மொத்தம் எத்தனைங்க ஆச்சு?" என்றாள். முதல் நாள் ஒன்று, மனுவுக்காக ஆடியது நானூற்றுப் பன்னிரண்டு, பொய்க்காக ஆடியது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு, மனு டைப் அடிக்கவும் நகல் எடுக்கவும் பதினெட்டு, நான்கு நோட்டுக்கு முப்பத்திரண்டு, கட்டைவிரலுக்குத் தைலம் பதினெட்டு. ஆக மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்று இருபத்தேழு ரூபாய்.